ரீஸ்லிங் நட்ட சரிவு

ரீஸ்லிங் என்ற பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தத் திராட்சை பாவம், அது எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரையில் அது பாட்டுக்குக் காய்த்துக்கொண்டிருக்கிறது. அதைக் கொண்டுவந்து என் அக்கா கிழங்கு போடும் நிலத்துண்டில் நட்டவர்கள் மேல்தான் என் கோபமெல்லாம். கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று பார்த்தேன். ஆறவில்லை. சரி, சூட்டோடேயே எழுதிவிடுகிறேன்.

மலைநாட்டுக் கந்தப்பளையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி போகும் பாதையில் உள்ளே நடந்தால் எங்கள் தோட்டம் வரும். வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டிய பங்களா இப்போது ஹோட்டல். நான் அங்கே சாப்பாட்டு மண்டபத்தில் பரிமாறும் வேலை பார்த்தேன். பங்களாவுக்குக் கீழே, விருந்தாளிகளின் கண்ணில் படாதபடி சைப்ரஸ் மரங்களுக்குப் பின்னால், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயம். அக்கா கொழுந்தெடுக்கிறவள். அத்தான் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முகம் காட்டுவார். அக்காவும் அவள் பிள்ளைகள் இரண்டு பேரும் நானும் ஒரே அறைக் காம்பராவில் இருந்தோம்.

எங்கள் லயத்துக்கும் பங்களாவுக்கும் நடுவில் ஒரு சரிவு. ஒரு காலத்தில் தேயிலை இருந்து செத்துப்போன இடம். அந்தக் கட்டைகளையெல்லாம் வேரோடு தோண்டி, கல் அடுக்கி, படிப்படியாக வெட்டி மண்ணைத் தேற்றியவர் எங்கள் அப்பா. தோட்டங்களில் இதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. யார் கை வைத்துத் திருத்தினார்களோ அந்தத் துண்டு அவர்களுக்கு. அடுத்த வீட்டுக்காரருடன் தண்ணீருக்காகத் தலைமயிரைப் பிடித்துச் சண்டை போடுகிறவர்கள்கூட அடுத்தவர் துண்டில் ஒரு கீரைத் தண்டைக் கிள்ளமாட்டார்கள். அப்பாவுக்குப் பிறகு அக்கா அதில் லீக்ஸ் போட்டாள், கரட் போட்டாள், உருளைக்கிழங்கு போட்டாள். மலையில் வேலை இல்லாத நாட்களில் அந்தத் துண்டுதான் எங்களுக்குச் சோறு போட்டது.

ஹோட்டலுக்கு வருகிறவர்கள் சாப்பாட்டோடு வெள்ளை வைன் கேட்பார்கள். எதைக் கேட்கிறார்கள் என்று விளங்காமல் நாங்கள் முழித்ததால், கொழும்பிலிருந்து ஒரு டீச்சரை வரவழைத்து எங்களுக்குப் பழக்கினார்கள். விஷயத்தைக் கேட்டதும் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“ஏன்டி, பொம்பளப் புள்ளைங்களுக்குக் குடிக்கப் பழக்குறாங்களா?”

“குடிக்கிறது இல்லக்கா. வாயில வச்சுப் பாத்துட்டுத் துப்பணும்.”

“துப்புறதுக்கா கப்பல்ல ஏத்திக்கிட்டு வாராங்க?”

அவள் கேலி செய்தாலும் எனக்கு அந்தப் படிப்பு பிடித்திருந்தது. சோவின்யோன் பிளாங்க் என்ற திராட்சை பிரான்சில் லுவார் ஆற்றங்கரையிலும் நியூசிலாந்தில் மார்ல்பரோவிலும் விளைவது; மூக்கருகே கொண்டுபோனால், தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய அன்று மலை முழுக்க அடிக்குமே, அந்தப் பச்சை வாடை. சார்டனே பிரான்சின் பர்கண்டிக்காரி, மரப் பீப்பாயில் கிடந்தால் வெண்ணெய் மாதிரி ஆகிவிடுவாள். அதே பர்கண்டியின் வடக்கே, குளிர் கூடிய ஷாப்ளியில் வளர்ந்தவள் என்றால் நாக்கில் சுள்ளென்று நிற்பாள். ஷெனின் பிளாங்க் லுவாரில் பிறந்து தென்னாபிரிக்காவில் வாழ்க்கைப்பட்டவள். அல்பரீனோ, ஸ்பெயினில் மழை ஓயாத கலீசியாவில் விளைவது. ஈரம் தங்கக்கூடாதென்று நாம் சவ்சவ் கொடிக்குப் போடுகிற மாதிரியே பந்தல் போட்டு மேலே படரவிடுகிறார்கள். கிரேக்க நாட்டுச் சாந்தோரினித் தீவில் காற்று பேய்க்காற்று. அங்கே அசிர்டிகோ கொடியைக் கூடை மாதிரி வளைத்துத் தரையிலேயே படுக்கவைக்கிறார்கள். ரீஸ்லிங் இளசாக இருந்தால் எலுமிச்சை, வயதானால் மண்ணெண்ணெய் வாசம். எங்கள் வீட்டில் சோற்றில் மண்ணெண்ணெய் வாடை வந்தால் சட்டி பறக்கும். அவர்களுக்கு அது பெருமையாம்.

டீச்சர் ஒவ்வொரு போத்தலையும் திருப்பிக் காட்டுவார். நாடு இருக்கும், ஊர் இருக்கும். சிலதில் கிராமத்தின் பெயர் இருக்கும், அதற்கும் மேலே சரிவின் பெயரே இருக்கும். கல் வேலிக்கு இந்தப் பக்கம் விளைந்தால் ஒரு பெயர், அந்தப் பக்கம் விளைந்தால் வேறு பெயர். முதல் தடவை அதைக் கேட்டபோது ஆசையாக இருந்தது. இரண்டாம் தடவை எரிச்சலாக இருந்தது. எங்கள் லயத்து வீட்டுக்கு விலாசம் கிடையாது. கடிதம் வந்தால் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். யாராவது போய்த் தேடி எடுத்தால் உண்டு. அக்கா கிள்ளுகிற கொழுந்து எல்லாக் கொழுந்தோடும் கலந்து எங்கேயோ போகிறது. மலையில் பிறந்து மலையிலேயே சாகிற எங்களுக்கு இல்லாத ஊரும் பேரும் ஒரு திராட்சைக் குலைக்கு இருக்கிறதே என்று வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

அந்தச் சமயத்தில்தான் ஹோட்டல் முதலாளி ஐரோப்பாவுக்குப் போய் வந்தார். மோசல் ஆற்றங்கரையில் செங்குத்தான சரிவில் ரீஸ்லிங் நிற்பதைப் பார்த்திருக்கிறார். அங்கேயும் சரிவு, இங்கேயும் சரிவு. அங்கேயும் குளிர், இங்கேயும் குளிர். அப்புறம் என்ன, இங்கேயும் நட்டால் போச்சு என்று நினைத்துவிட்டார். டீச்சர் எங்களிடம் சொல்லிச் சிரித்தார். அங்கே குளிர்காலத்தில் கொடி இலையுதிர்ந்து தூங்கும், கோடையில் சரிவுக் கற்கள் வெயிலைப் பிடித்துவைத்துக் காயைப் பழுக்கவைக்கும். இங்கே தூக்கமும் இல்லை, வெயிலும் இல்லை, வருஷம் முழுக்க நனைந்துகொண்டே நின்றால் பூஞ்சணம்தான் காய்க்கும் என்றார். யாழ்ப்பாணத்தில் திராட்சை காய்க்கிறதென்றால் அது யாழ்ப்பாணத்து வெயில். ஆனால் முதலாளியிடம் போய் இதை யார் சொல்வது? டீச்சரும் சொல்லவில்லை.

தோட்டத்தில் தரிசாகக் கிடக்கிற சரிவுகள் எத்தனையோ. அதில் ஒன்றுகூட ஆகாதாம். சாப்பாட்டு மண்டபத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தெரிய வேண்டுமாம். கண்ணாடி வழியாகத் தெரிவது அக்காவின் துண்டுதான்.

ஒருநாள் அக்கா காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போய், பேர் கொடுத்துவிட்டு, மலைக்கு ஏறிய பிறகு கயிறும் முளைக்கட்டையுமாக ஆட்கள் இறங்கினார்கள். அரைவளர்த்தி லீக்ஸ் அத்தனையையும் பிடுங்கி ஓரமாகக் குவித்தார்கள். மத்தியானம் கொழுந்து நிறுக்க வந்த அக்கா அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கட்டிய துண்டோடு நேரே பங்களாவுக்கு வந்தாள். ஹோட்டல் மனேஜர் வாசலிலேயே நிறுத்திப் பேசினார். காணி தோட்டத்துடையது, தோட்டம் ஹோட்டலுக்குக் கொடுத்துவிட்டது, உன்னிடம் உறுதிப் பத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார். அக்கா சிங்களத்தில் என்னைவிடக் கெட்டிக்காரி. என் அப்பன் அடுக்கின கல் இருக்கிறது, வந்து பாருங்கள் என்றாள். அவருக்குச் சங்கடமாகிவிட்டது போல. கொடி காய்க்காமல் போனால் துண்டைத் திருப்பித் தந்துவிடுகிறோம், என் வாக்கு என்றார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். என் காதாலேயே கேட்டேன்.

கொடிகள் வந்தன. கம்பம் நட்டுக் கம்பி இழுத்தார்கள். ‘ரீஸ்லிங் சரிவு’ என்று ஆங்கிலத்தில் எழுதிய பலகையும் வந்தது. எங்கள் லயத்துக்கு ஒரு நம்பர்கூட இல்லை, நேற்று வந்த கொடிக்குப் பலகை! கொடியைப் பார்த்துக்கொள்ளக் கொழும்பிலிருந்து படித்த இளைஞர் ஒருவர் வந்தார். கழுத்தில் ஒரு சால்வை, காதில் எந்நேரமும் போன். லயத்துப் பெண்கள் அவருக்குத் ‘திராட்சைத் தொரை’ என்று பட்டம் வைத்தார்கள்.

டீச்சர் சொன்னது அப்படியே நடந்தது. மழை, மூடுபனி, மறுபடி மழை. அடி இலைகளில் மா தூவின மாதிரி வெள்ளை பூத்தது. மருந்தடித்தால் மழை கழுவிக்கொண்டு போனது. ஆனாலும் ஒரு வெயில் நேரத்தில் கொடிகள் புதிதாகத் துளிர்த்தன. துளிருக்குள் கடுகு மாதிரி பூமொட்டுக் குலைகள் எட்டிப் பார்த்தன. முதலாளிக்குப் படம் பறந்தது. நோய் பிடித்த அடி இலைகளை உடனே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மொட்டுக்கும் பரவிவிடும் என்று திராட்சைத் தொரை பறந்தார். அதற்கு ஆள் பிடித்தார் பாருங்கள், அங்கேதான் அவருடைய படிப்பு வெளிச்சமானது. கொழுந்தெடுக்கிற பெண்கள் கை வேகம், அவர்களையே கூப்பிடுங்கள் என்றார்.

அக்காவையும் இன்னும் சிலரையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இலையெல்லாம் சுத்தமாக எடுங்க, நீங்க கொழுந்தெடுக்கிறவங்கதானே, உங்களுக்கு நான் சொல்லவா வேணும் என்றார். அவ்வளவுதான். போன் அடித்தது, மேலே போய்விட்டார்.

கொழுந்தெடுக்கிற கைக்கு என்ன தெரியும்? பள்ளிக்கூடத்தை விட்ட வயதிலிருந்து அக்காவின் கைக்கு ஒரே பாடம்தான். நுனித் துளிரை எடு, முத்தல் இலையைத் தொடாதே. முத்தல் இலை பையில் விழுந்தால் கங்காணி ஏசுவார், நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை முகத்தைச் சுளித்துக் கழித்துப்போடுவார். அந்தக் கை கண்ணைக் கேட்காமலே நுனிக்குத்தான் போகும். அவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டே நிரை பிடித்து இறங்கினார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, ரீஸ்லிங்கின் துளிரையெல்லாம் மொட்டுக் குலையோடு கிள்ளிப் பைகளில் போட்டுக்கொண்டே போனார்கள். வெள்ளை பூத்த முத்தல் இலைகளை மரியாதையாகக் கொடியிலேயே விட்டுவிட்டார்கள். போன் பேசி முடித்து அவர் இறங்கி வந்தபோது சரிவு முழுக்க மட்டம் பார்த்து எடுத்த தேயிலை மாதிரி இருந்தது. அக்கா பையைத் திறந்து காட்டி, “பாருங்க சேர், ஒரு முத்தல் கிடையாது” என்றாளாம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா இதைச் சொன்னபோது நான் முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு நடந்தவற்றில் சிரிக்க எதுவும் இல்லை.

மிச்சமிருந்த கொடிகளை அடுத்த மழை முடித்தது. தண்டோடு அழுகின. திராட்சைத் தொரை சால்வையை மடித்து வைத்துக்கொண்டு கொழும்புக்கே போய்விட்டார். அக்கா குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு மனேஜரிடம் வந்தாள். கொடிதான் போய்விட்டதே, வாக்குப்படி துண்டைத் தாருங்கள் என்றாள். மனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? கொடி தானாகப் போகவில்லை, நீங்கள்தானே நாசமாக்கினீர்கள் என்றார். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். மலைக் குளிரில் காய்க்கவே காய்க்காத கொடியைக் கொண்டுவந்து வைத்தது யார்? இன்னதை எடு, இன்னதை விடு என்று சொல்லாமல் போன் பேசப் போனது யார்? பழி மட்டும் அக்காவின் விரலுக்கு. அக்கா அந்த நல்ல சேலையோடு திரும்பி நடந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

அதைவிடக் கேவலம், இந்தக் கதை ஹோட்டலில் பகிடியாகிவிட்டது. விருந்தாளிகள் கண்ணாடி வழியாக வெறுங் கம்பங்களைப் பார்த்து அது என்ன என்று கேட்பார்கள். மனேஜர் கதையை எடுத்துவிடுவார். எங்கள் தேயிலைப் பெண்கள் இருக்கிறார்களே, ரீஸ்லிங்கில் தேத்தண்ணி போடப் பார்த்தார்கள் என்று முடிப்பார். மேசையே சிரித்துக் குலுங்கும். நான் பக்கத்தில் போத்தலோடு இடித்த புளி மாதிரி நிற்பேன். மோசல் ரீஸ்லிங்கை அவர்கள் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றுவேன். கழுத்தில் ஊற்றலாமா என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன்.

கம்பங்களையும் பலகையையும் எடுக்கவில்லை. இன்னொரு தடவை நட்டுப் பார்க்கப்போகிறோம் என்றார்கள். யாரும் நடவில்லை. சரிவில் புல் ஏறியது. பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். கந்தப்பளையில் தெரிந்த வீட்டில் விதைக் கிழங்கு வாங்கி வந்து, கம்பங்களுக்கு நடுவே பாத்தி பிடித்து நட்டாள்.

“கேக்காம வச்சா ஏசுவாங்கக்கா” என்றேன்.

“அவங்க என்னையக் கேட்டா லீக்ஸைப் புடுங்கினாங்க?”

கிழங்கு ஜோராக வந்தது. மனேஜர் முதலில் புல்லென்று நினைத்திருப்பார். ஹோட்டலில் இருக்கிறவர்களுக்கு உருளைக்கிழங்கு தட்டில்தான் தெரியும். செடி பூத்தது. வெள்ளையும் ஊதாவுமாகச் சரிவு முழுக்கப் பூ. விருந்தாளிகள் இறங்கிப்போய்ப் பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் பிடித்தார்கள். அப்போதுதான் மனேஜருக்கு அது என்னவென்று தெரிந்தது. முதலாளி வரப்போகிறார், ரீஸ்லிங் சரிவில் கிழங்கு நின்றால் என்ன நினைப்பார், உன் அக்காவிடம் சொல்லி எடுக்கச் சொல் என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“நான் சொல்லமாட்டேன் சேர். வாக்குக் கொடுத்தது நீங்க. நீங்களே போய்ச் சொல்லுங்க.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சொல்லப் போகவில்லை. மறுநாள் அக்கா மலைக்கு ஏறிய பிறகு ஹோட்டல் பூந்தோட்டக்காரரை இறக்கினார். அவரும் எங்கள் லயத்து ஆள்தான். அண்ணன், அண்ணன் என்று கூப்பிட்டு வளர்ந்தோம். பிடுங்கும்போது ஒரு தடவைகூட அவர் நிமிர்ந்து லயத்துப் பக்கம் பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

செடியோடு பிஞ்சுக் கிழங்குகளும் வந்தன. பிள்ளைகள் விளையாடுகிற போளை உருண்டை அளவு, தோல்கூடச் சரியாகப் பிடிக்காத பிஞ்சுகள். குப்பையில் போட மனமில்லாமல் அவர் கூடையில் அள்ளிக் குசினியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். குசினியில் பெரிய சமையல்காரர் அதைப் பார்த்துத் துள்ளாத குறை. இந்த அளவில் கடையில் எங்கே கிடைக்கும் என்றார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! அன்று ராச்சாப்பாட்டுக்கு அது பட்டரில் வதங்கி, மேலே ஏதோ தழை தூவி, மீனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

அந்தத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனவள் நான்தான். ஜன்னலோர மேசையில் வயதான கணவனும் மனைவியும். நல்ல மனிதர்கள், வந்த நாளிலிருந்து என்னிடம் அன்பாகப் பேசினார்கள். மீனுக்கு என்ன வைன் பொருந்தும் என்று கேட்டார்கள். சோவின்யோன் பிளாங்க் என்றேன். ரீஸ்லிங் என்று சொல்ல நாக்கு வரவில்லை. அந்த அம்மா ஒரு கிழங்கை வாயில் போட்டுக் கண்ணை மூடித் திறந்தார். இது எங்கே விளைந்தது என்று கேட்டார்.

நான் கண்ணாடியைக் காட்டினேன். அங்கே, அந்தக் கம்பங்களுக்கு நடுவில் என்றேன். என் அக்கா நட்டது. அவள் வேலைக்குப் போன நேரத்தில் இன்றைக்குக் காலை பிடுங்கினார்கள். அவளை யாரும் கேட்கவில்லை. இங்கிலீஷில் எனக்குத் தெரிந்த எல்லாச் சொல்லையும் போட்டு, ஒளிக்காமல் சொன்னேன். மனேஜர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும் என்று குரலைக் கூட்டியே சொன்னேன்.

அந்த அம்மா முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். என் கையைத் தொட்டார். ஒரு நிமிஷம் எனக்கு நெஞ்சு இளகியது. பிறகு அவர் சொன்னார், மனதார, கனிவாகச் சொன்னார். கிழங்கு அற்புதமாக இருந்ததென்று உன் அக்காவிடம் அவசியம் சொல். சொல்லிவிட்டு முள்ளுக்கரண்டியை மறுபடி எடுத்துக்கொண்டார்.

வேலை முடிந்து இறங்கியபோது அக்கா பிடுங்கின பாத்தியில்தான் இருந்தாள். சிந்திக் கிடந்த பிஞ்சுகளை மண்ணில் துழாவித் துழாவி மடியில் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அழுதிருந்தாள், ஆனால் நான் வந்தபோது அழவில்லை. நானும் குந்தி உட்கார்ந்து பொறுக்கினேன். அந்த அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஆத்திரத்தை நான் ஒருத்தியே வைத்திருக்க முடியவில்லை.

“பிஞ்சத் தின்னுட்டு ருசியா இருக்குன்னாங்களாக்கும்” என்றாள் அக்கா. “முத்தவிட்டிருந்தா நம்ம புள்ளைங்க தின்னுருக்கும்.” மடியை முடிந்துகொண்டு எழுந்தாள். “அடுத்த வெயிலுக்கு மறுபடி வைப்பேன். மலைக்குப் போகமாட்டேன், இங்கனயே உக்காந்திருப்பேன். புடுங்குறவன் என் முன்னால வந்து புடுங்கட்டும். ருசியச் சொல்லி அனுப்பினாங்கள்ல, இதையும் போய்ச் சொல்லு அவங்ககிட்ட.”

அந்தத் தம்பதி விடியற்காலையிலேயே எல்ல என்ற ஊருக்குப் போகும் ரயிலுக்குக் கிளம்பிவிட்டார்கள். அதனால் மனேஜரிடம் போனேன். முதலாளியும் பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் விளங்கட்டும் என்று சிங்களத்தில், அக்கா சொன்னதில் ஒரு சொல் குறையாமல் சொன்னேன்.